அறுநூத்திப் பன்னெண்டை நிறுத்தக் கூடாது

டிரைவர் டீ குடிக்கப் போயிட்டான், பஸ் மட்டும் உறுமிக்கிட்டு நிக்குது, டீசல் வீணாப் போகுதுன்னு சொன்னீங்கல்ல சார்? முன்சீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க, என் காதுலயும் விழுந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களப் பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கு. படிச்சவங்கதான் இதச் சொல்லுவாங்க. இஞ்சினை வெளியில இருந்தே பாத்தவங்களுக்கு அது ஒரு சுவிட்சு. போட்டா ஓடும், அணைச்சா நிக்கும். அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச இஞ்சின்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன். ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும்.

நான் முப்பத்தாறு வருஷம் ரயில் இஞ்சின்ல இருந்தவன் சார். லோகோ பைலட் திருமேனிநாதன். வேலங்குளம் யார்டுல போயி பேரச் சொல்லிப் பாருங்க, டீக்கடைக்காரன் காசு வாங்க மாட்டான். ரிட்டையர் ஆகி நாலு மாசம் ஆச்சு. மெயின் லைன்ல எல்லாம் கரண்ட் வண்டி வந்துடுச்சு, ஆனா யார்டுக்குள்ள இன்னும் டீசல்தான். பெட்டிகள இந்த லைன்ல இருந்து அந்த லைனுக்கு இழுக்கணும், தள்ளணும், கோக்கணும். அதுக்குன்னு ஒரு இஞ்சின். நம்பர் அறுநூத்திப் பன்னெண்டு. கடைசி பத்து வருஷம் நான் அதுலதான்.

இப்ப என்னடான்னா கவர்மெண்டுக்கு திடீர்னு ஞானம் வந்துடுச்சு. நிக்கிற இஞ்சின் ஓடக் கூடாதாம். லாரியா இருந்தாலும் சரி, ரயிலா இருந்தாலும் சரி. லாரிக்காரங்களுக்கு ஒரு ஸ்டிக்கர் குடுத்தாங்க, 'காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினை அணைப்போம்'னு. எங்க கூட்ஸ் ஷெட்டுக்கு உரம் ஏத்த வர்ற லாரி எல்லாத்துலயும் அது இருக்கும். எங்க ஒட்டியிருப்பான் தெரியுமா? முன்கண்ணாடி விரிசல் விட்ட இடத்துல. காத்து அடிக்காம இருக்கணும்ல. அவன் அவன் வேலையப் பாத்துக்கிட்டான்.

எங்களுக்கு ஸ்டிக்கர் இல்ல, உத்தரவு. அரை மணி நேரத்துக்கு மேல நின்னா இஞ்சினை அணைக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. அணைச்சாச்சு சார், திரும்ப எடுக்கலேன்னா? பேட்டரி காலை வாரிடுச்சுன்னா? உத்தரவு போட்டவனா வந்து தள்ளுவான்? நூறு டன்னு சார் அது, அம்பாசிடர் காரா, நாலு பேரு சேந்து தள்ள? இஞ்சின் ஃபெயிலியர்னு பைலட் பேருலதான் எழுதுவான். ஓடிக்கிட்டே இருக்கற இஞ்சினுக்கு எவனும் மெமோ குடுத்ததா சரித்திரம் இல்ல. நின்னு போன இஞ்சினுக்கு நாலு பேரு குடுப்பான். இதத் தெரிஞ்சுக்கறதுக்கு இஞ்சினியரிங் காலேஜ் வேணாம்.

ஆனா காலேஜ்ல படிச்ச ஒரு அம்மா வந்தாங்க. எழிலரசி மேடம். தர்மபுரிப் பக்கமாம். இருபத்தெட்டு வயசு இருக்கும். டிவிஷன் ஆபீசுல மெக்கானிக்கல் ஆபீசர். வந்த ஒடனே டீசல் சேமிப்பு வாரம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

அந்தக் கூத்தக் கேளுங்க. யார்டுலயே பந்தல் போட்டு, எங்க எல்லாரையும் நிக்க வச்சு, வலது கைய நீட்டச் சொன்னாங்க. உறுதிமொழி. 'தேவையின்றி இன்ஜினை இயங்க விட மாட்டேன் என்று உளமார'. அந்தம்மா மைக்குல படிக்கறாங்க, நாங்க திருப்பிச் சொல்லணும். பந்தலுக்குப் பின்னாடி நாப்பதடில அறுநூத்திப் பன்னெண்டு நிக்குது. டப டப டபன்னு ஓடிக்கிட்டு. அந்தம்மா என்ன படிக்கறாங்கன்னு ஒருத்தனுக்கும் கேக்கல. நாங்க பாட்டுக்கு வாயை அசைச்சோம். சிலபேர் 'ம்ம்'னு சொன்னாங்க. பிஸ்கட்டும் டீயும் குடுத்தாங்க.

அந்தம்மா மைக்கைக் கையால மூடிக்கிட்டு என்னக் கேட்டாங்க. "சார், அந்த இஞ்சினைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

நான் சொன்னேன், "அதை அணைக்கக் கூடாது மேடம்."

"ஏன்?"

"ஏறி வந்து பாருங்க."

ஏறினாங்க. அதையும் சொல்லணும், சேலையக் கட்டிக்கிட்டு அந்த ஏணில ஏற எல்லாரும் யோசிப்பாங்க. அந்தம்மா ஏறினாங்க. உள்ள, கண்ட்ரோலுக்கு மேல வெள்ளப் பெயிண்டுல பெருசா எழுதியிருக்கும்: 'பேட்டரி வீக். இந்த இன்ஜினை நிறுத்தக் கூடாது.' கீழ லாக் புக்க எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்துலயும் அதே வரி. நேத்து, முந்தாநேத்து, போன மாசம், போன வருஷம். பொரட்டப் பொரட்ட அதே வரி.

அந்தம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"இத மொதல்ல யாரு எழுதினது?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு சார். ஒரு இஞ்சின் எடுக்காதுன்னு எழுதியிருந்தா, எடுக்காதாங்கறதுதானே கேள்வி? எழுதினவன் ஜாதகம் எதுக்கு? "எல்லாரும்தான் மேடம்"னேன். பொய் ஒண்ணும் இல்ல. எல்லாரும்தானே எழுதியிருக்காங்க?

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நீங்க யாரோ, நான் யாரோ. மொதல்ல எழுதினது மரியலூயிஸ். எனக்கு அப்ப அசிஸ்டெண்ட். வேலைக்குச் சேந்து எட்டு மாசம், இருபத்து நாலு வயசு. மே மாசம் பதினெட்டாம் தேதி. உர மூட்டை ஏத்தின கூட்ஸ் பெட்டி வரிசை, நாங்க ரேக்குன்னு சொல்லுவோம், அது காலியாக மூணு மணி நேரம் ஆகும்னாங்க. கண்ட்ரோல் ரூம்ல இருந்து ஒருத்தன் போன்ல சொல்றான், "திருமேனி, சும்மாதானே நிக்கற, அணைச்சுப் போடு"ன்னு. அப்பவே இந்த நோய் லேசா ஆரம்பிச்சிருந்துச்சு. இஞ்சினை அணைச்சா கேபின்ல ஃபேனையும் நிறுத்தணும், இல்லாட்டி பேட்டரி எறங்கிடும். இரும்புப் பெட்டி சார் அது. மே மாசம் ரெண்டு மணி வெயில்ல ஃபேன் இல்லாம அதுக்குள்ள உக்காந்து பாத்திருக்கீங்களா? எனக்கு சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணசரணும். டூட்டில தூங்கறதுன்னு சொல்லாதீங்க, கண்ணசர்றது. அது வேற.

நான் சொன்னேன், "டேய், எழுதுடா. பேட்டரி வீக், நிறுத்தக் கூடாது."

அவன் முழிக்கறான். "அண்ணே, காலையில ஒரே அடில எடுத்துச்சே?"

"இஞ்சினைப் பத்தி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

எழுதினான். முத்து முத்தா எழுத்து அவனுக்கு, கான்வென்ட்ல படிச்சவன். கீழ கையெழுத்தும் போட்டான். நான் அந்தப் புக்குல கையெழுத்துப் போடறதில்ல, அது அசிஸ்டெண்ட் வேலை.

அது ஒரு நாளுக்குத்தான் சார். நான் என்ன, ஒம்பது வருஷத்துக்கா சொன்னேன்? ஆனா எங்க யார்டுல ஒரு பழக்கம். டூட்டி மாறி ஏறுறவன் முந்தின பக்கத்துல இருக்கறத அப்படியே அடுத்த பக்கத்துல எறக்கிடுவான். எதுக்கு வம்பு? நாம எழுதாம விட்டு, நாளைக்கு அதே கோளாறு வந்தா நம்ம கழுத்தப் பிடிப்பான். அடுத்த நாள் வந்தவன் எழுதினான். அதுக்கடுத்த நாள் வந்தவனும் எழுதினான். ஒரு வாரம் கழிச்சு நானே ஏறி புக்கைப் பாத்தேன், 'பேட்டரி வீக்'னு இருந்துச்சு, சரின்னு மரியலூயிசை எழுதச் சொன்னேன். இஞ்சின் மாசாமாசம் ரிப்பேர் ஷெட்டுக்குப் போகும். ஷெட்டுக்காரன் படிச்சுட்டு பேட்டரிய மாத்துவான். ஒம்பது வருஷத்துல மூணு செட்டு மாத்தியிருக்கான், புத்தம் புதுசு. அப்பவும் எங்க ஆளுங்க விடல. புது பேட்டரியும் வீக்குன்னு எழுதினாங்க. நாலாவது வருஷம் எவனோ ஒரு நல்லவன் பெயிண்ட் வாங்கிட்டு வந்து செவுத்துலயே எழுதிட்டான்.

சிரிக்காதீங்க. அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. நீங்க வெளி ஆளு, உங்களுக்குப் புரியாது.

இன்னொண்ணு சொல்றேன். எழுதச் சொன்னது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா சொன்னப்ப பொய்யா இருந்திருக்கலாம், போகப் போக அது உண்மையாயிடுச்சு சார். அறுநூத்திப் பன்னெண்டோட சத்தத்துல ஒரு பலவீனம் இருக்கும். எனக்குக் கேக்கும். அதை நிறுத்தினா எந்திரிக்காதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். புதுசா வர்ற பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன், 'இதுக்கு நெஞ்சு வீக்கு, பாத்து வச்சுக்க'ன்னு. பயபக்தியாக் கேட்டுக்குவாங்க.

சரி, அந்தம்மா கதைக்கு வர்றேன். மறுநாள் காலைல பத்து மணிக்கு வந்துட்டாங்க. "இன்னிக்கு அறுநூத்திப் பன்னெண்டை நிறுத்திப் பாக்கப் போறோம்"னாங்க. ஒருத்தன் முன்னாடி வரல. யார்டு மாஸ்டர், "மேடம், மத்தியானம் ரேக் வெளிய எடுக்கணும், எந்திரிக்கலேன்னா யாரு பொறுப்பு"ன்னார். அந்தம்மா ஒரு வெள்ளப் பேப்பர்ல 'நான் பொறுப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. சின்ன வயசு. எதுல கையெழுத்துப் போடணும், எதுல போடக் கூடாதுன்னு இன்னும் பழகல.

நிறுத்தினாங்க சார். அவங்களே நிறுத்தினாங்க.

நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த யார்டுல அப்படி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல. காது ரெண்டும் அடைச்ச மாதிரி. டீக்கடைக்காரன் ஓடி வந்தான், "என்னண்ணே, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"ன்னு. குவார்ட்டர்ஸ்ல இருந்து பொம்பளைங்க வெளிய வந்து நின்னு பாக்கறாங்க. ஒரு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "சார், இனிமே இப்படியேதான் இருக்குமா?"ன்னு கேக்குது. ஜன்னலத் தொறந்து வைக்கலாமான்னு கேக்கறதுக்காம். என்னமோ நாங்க ஒம்பது வருஷமா அவங்க வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டின மாதிரி.

ஒரு மணி நேரம் கழிச்சு அந்தம்மா என்னப் பாத்து, "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க சார்"னாங்க. நான் போயி பட்டன அமுக்கினேன்.

ஒரே அடில எடுத்துடுச்சு.

எல்லாரும் கை தட்டறானுங்க. எங்க ஆளுங்கதான், ஒம்பது வருஷமா எழுதினவனுங்க. வெக்கம் கெட்டவனுங்க. நான் சொன்னேன், "மேடம், ஒரு தடவ எடுத்தா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல." அந்தம்மா, "சரி, இன்னொரு தடவ பாப்போம்"னாங்க. ரெண்டு நாள் அங்கயே கிடந்து, பதினோரு தடவ நிறுத்தி பதினோரு தடவ எடுத்தாங்க. பதினோரு தடவ! ஒரு நோயாளிய அத்தன தடவ எழுப்பி உக்கார வச்சா அவனும் பயத்துலயே எந்திரிச்சு ஓடுவான். அதுக்காக அவன் ஆரோக்கியமானவன்னு ஆயிடுமா?

அதோட விட்டாங்களா? ரெக்கார்டு ரூமுக்குப் போயி, ஒம்பது வருஷத்து லாக் புக்கையும் தூசி தட்டி எடுத்து, பின்னாடியே போயிருக்காங்க. ஒவ்வொரு பக்கமா. கரையான் அரிச்சது, மழைல நனைஞ்சது எல்லாம். நாலு நாள். ஆபீசர் பாக்கற வேலையா சார் அது? கடைசில மே பதினெட்டுல வந்து நின்னாங்க. பதினேழாம் தேதிப் பக்கத்துல ஒண்ணும் இல்ல. பதினெட்டுல முத்து முத்தா ஒரு வரி. கீழ மரியலூயிஸ்னு கையெழுத்து.

அங்க பிடிச்சது சனியன்.

மரியலூயிஸ் அதுக்குள்ள நல்லா மேல வந்துட்டான். கூட்ஸ் பைலட்டா ஆறு வருஷம் ஓட்டி, பாசஞ்சர் வண்டிக்குப் பேரு வந்து, ட்ரெயினிங் லெட்டரும் கைக்கு வந்துடுச்சு. அவனுக்கு அது ஒரு பைத்தியம். வண்டியில ஆளு இருக்கணும்பான். "அண்ணே, பத்து வருஷமா உரத்தையும் நிலக்கரியையும் ஏத்திக்கிட்டு அலையறேன். நான் கொண்டு போயி எறக்கினதும் ஒருத்தராவது பையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறதப் பாக்கணும்ணே"ன்னு சொல்லுவான். எனக்கு எந்த வண்டியும் ஒண்ணுதான். அவனுக்கு அப்படி ஒரு ஆசை. சம்சாரம் ஜெனிட்டாகிட்ட சொல்லி யூனிஃபார்ம் எல்லாம் புதுசா தைச்சு வச்சிருந்தான்.

சார்ஜ் ஷீட்டு வந்துச்சு. பொய்க் குறிப்பு எழுதி, நாலு லட்சம் லிட்டர் டீசல் வீணாகக் காரணமா இருந்தான்னு. நாலு லட்சம்! அவனா குடிச்சான்?

என்கொயரில என்னையும் கூப்பிட்டாங்க, அன்னிக்குப் பைலட் நான்தானேன்னு. மேஜைக்கு அந்தப் பக்கம் எழிலரசி மேடமும் இன்னும் ரெண்டு பேரும். இந்தப் பக்கம் நானும் அவனும். மொதல்ல அவனக் கேட்டாங்க, "உங்களை எழுதச் சொன்னது யாரு?"

அவன் என்னத் திரும்பிப் பாத்தான். ஒரு தடவதான். அப்புறம் மேஜையப் பாத்துக்கிட்டு, "ஞாபகம் இல்ல மேடம்"னான்.

இதுதான் எனக்குப் பிடிக்காதது. முதுகெலும்பு இல்லாதவன். நானா இருந்தா பட்டுனு சொல்லியிருப்பேன், 'இவருதான் சொன்னாரு'ன்னு. உண்மையச் சொல்ல என்ன பயம்?

அடுத்து என்னக் கேட்டாங்க. "நீங்க சொல்லித்தான் எழுதினாரா சார்?"

"ஒம்பது வருஷம் ஆச்சு மேடம். யாருக்கு ஞாபகம் இருக்கும்?"னேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு நாலு மாசம் இருந்துச்சு. முப்பத்தாறு வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாம ஓட்டினவன். கடைசில போயி, தூங்கறதுக்காகப் பொய் எழுதச் சொன்னவன்னு பேரு வாங்கணுமா? நான் என்ன அவன் கையப் பிடிச்சா எழுத வச்சேன்? அவனுக்கும் வாயி இருந்துச்சுல்ல? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?

சரி, எட்டு மாச சர்வீஸ்ல சீனியர்கிட்ட மாட்டேன்னு சொல்ல முடியாதுதான். அது வேற விஷயம்.

அவனுக்கு வந்த பாசஞ்சர் வண்டி போஸ்டிங்கக் கேன்சல் பண்ணிட்டாங்க. திரும்ப யார்டுக்கே போட்டுட்டாங்க, மூணு வருஷத்துக்குத் தண்டனையா. எந்த இஞ்சின்ல தெரியுமா? அறுநூத்திப் பன்னெண்டுல. தினமும் நாலு தடவ அதை நிறுத்தி நாலு தடவ எடுக்கறான். செவுத்துல இருந்த எழுத்தையும் அவனையே சுரண்டச் சொல்லியிருக்காங்க. கவர்மெண்டுக்கு எங்கயிருந்துதான் இந்த மாதிரி புத்தி வருமோ.

என் ரிட்டையர்மெண்டுக்கு வந்திருந்தான் சார். அதான் எனக்கு ஆச்சரியம். எல்லாரும் மைக்குல பேசறானுங்க, 'அறுநூத்திப் பன்னெண்டோட நாடித் துடிப்பு தெரிஞ்ச ஒரே மனுசன்'னு. அந்த மாதிரி எல்லாம் பேசினாங்க. அவன் பின்னாடி வரிசைல உக்காந்து கை தட்டினான். சால்வை போட வந்தப்ப, "அண்ணே, உடம்பப் பாத்துக்கங்க"ன்னு சொன்னான். அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட நான் ரெண்டு வார்த்த திருப்பிச் சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

டிரைவர் வந்து எடுத்ததுல இருந்து பஸ்ஸை வேகமாத்தான் ஓட்டறான். மணி என்ன சார்? பத்தரையா. பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்.

எங்கயா? டிவிஷன் ஆபீசுக்குத்தான். அவனோட அப்பீல் இன்னிக்கு. போன வாரம் அந்தம்மாவே எனக்கு போன் பண்ணினாங்க. சார்ஜ் ஷீட்டுப் போட்ட அதே கைதான், இப்ப அதை எப்படியாவது எடுத்துடணும்ங்குது. தனக்கே மனசு கேக்கலியாம், தப்பான ஆளப் பிடிச்சுட்டோம்னு தோணுதாம். போட்டவங்களே எடுக்கறதுக்கு அலையறாங்க, இதுக்குப் பேரு நிர்வாகம்.

"சார், உங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் மேலயே கேட்டு எழுதி வாங்கிட்டேன். நீங்க வந்து ஒரே ஒரு வரி சொன்னா போதும். பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, நான் சொல்லித்தான் அந்தப் பையன் எழுதினான்னு"ங்கறாங்க.

நான் சொன்னேன், "மேடம், நான் சொல்லித்தான் எழுதினான்னு சொல்றேன். ஆனா பேட்டரி வீக்குன்னுதான் சொல்லுவேன்."

அதுக்கு அந்தம்மா, "சார், பேட்டரி வீக்குன்னா அது பொய்க் குறிப்பே இல்லன்னு ஆகும், அப்ப என்னோட பதினோரு டெஸ்டும் பொய்னு ஆகும். கமிட்டி அத ஏத்துக்காது, அவரு கதி அப்படியே நின்னுடும். உண்மையச் சொன்னா மட்டும்தான் அவரு வெளிய வருவாரு"ங்கறாங்க.

பாருங்க நியாயத்த! நான் தூங்கறதுக்குப் பொய் சொன்னேன்னு நானே போயி, முப்பத்தாறு வருஷ சர்வீசுக்கு அப்புறம், மூணு பேரு முன்னாடி சொல்லணுமாம். நாளைக்கே யார்டு பூரா பரவிடும். டீக்கடையில பேசுவான். மைக்குல நாடித் துடிப்புன்னு பேசினவன் எல்லாம் சிரிப்பான். சால்வை போட்டவன் திருப்பிக் கேக்காம இருந்தா சரி.

என் வீட்டுக்காரி கேட்டுட்டா. "சொல்லிட்டுத்தான் வாங்களேன், உங்களுக்கு இப்ப என்ன போகுது?"ன்னா. காலைல சட்டைய அயன் பண்ணி வச்சா. பொம்பளைங்களுக்கு எல்லாமே சுலபம்.

போறேன்னுதான் கிளம்பினேன். இல்லாட்டி எதுக்கு இந்த பஸ்ல ஏறப் போறேன்? மரியலூயிஸ் காலையிலேயே போன் பண்ணிட்டான். "அண்ணே, எந்த பஸ்ஸு? சரிண்ணே, ரயில்வே காலனி ஆர்ச்சுக்கிட்ட நிக்கிறேன். அங்க இருந்து ஆபீசுக்குள்ள சேந்தே போயிடலாம். வழியில ஒண்ணும் சாப்பிடாதீங்க, சுகருக்கு ஒத்துக்காது. ஜெனிட்டா இட்லி குடுத்து விட்டிருக்கா"ன்னான். என் சுகரு அவனுக்கு எதுக்கு? அவன் தலையெழுத்தே தொங்கிக்கிட்டு கெடக்கு, இட்லி கொண்டாரானாம்.

ஒரு வரிதான் சார். நானும் வீட்டுல சொல்லிப் பாத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு. 'பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு.' வாயி வரைக்கும் வருது. அப்புறம் 'ஆனா'ன்னு ஒண்ணு தானா வந்து சேந்துக்குது.

ஆர்ச்சா? எங்க? அதுக்குள்ள வந்துடுச்சா?

சார், அந்த ஷட்டர எறக்குங்க. வெயில் மூஞ்சியில அடிக்குது. எறக்குங்க சார், சொல்றேன்ல. முழுசா வேணாம், ஓரமா கொஞ்சம் இடம் விடுங்க. நீங்க எட்டிப் பாருங்க. நெட்டையா ஒருத்தன், வெள்ளச் சட்டை, கையில தூக்குவாளி. நிக்கிறானா? ஒவ்வொரு ஜன்னலாப் பாக்கறானா? நம்ம ஜன்னலுக்கு வந்துட்டானா?

தம்பி, கண்டக்டர் தம்பி, எதுக்குப்பா நிக்கிற? யாரும் எறங்கலப்பா. ஆமா, நீ சொல்ற அந்தப் பெருசு நான்தான், ஆர்ச்சுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், நான் பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்கறேன், மிச்சக் காச வேணா வாங்கிக்க. ரைட் குடு. வண்டிய நிறுத்திப் போட்டுக்கிட்டு டீசலக் கரைக்காதப்பா, போ.

ஒண்ணும் சொல்லாதீங்க சார். கால் எந்திரிக்க மாட்டேங்குது, வேற ஒண்ணும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சா கால் மணில வந்துடலாம். மணி பத்தே முக்கால்தானே? நேரம் இருக்கு. ஒரு டீ குடிச்சுட்டு, நிதானமா.

இப்ப ஷட்டரத் தூக்கலாம். கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க, எனக்குக் கழுத்துத் திரும்பாது. போயிட்டானா? உள்ள போயிட்டானா?

அங்கயே நிக்கிறானா? என்ன பண்றான்? போன் பேசறானா?

ரோட்டையா பாத்துக்கிட்டு இருக்கான்? இந்தப் பக்கமா, வந்த பக்கமா?

அடுத்த பஸ்ஸுல வருவேன்னு நெனச்சுட்டான் சார்.